சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு சான்றிதழ் தேவை

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

மாப்பிள்ளை எழுதுவது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். அத்தை போனில் கேட்கும் மூன்று கேள்விகளுக்கும் இத்துடன் பதில் முடிந்தது. நீங்கள் இருவரும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புவதாக எழுத வேண்டும், எழுதிவிட்டேன். போனில் நாம் இருவரும் ‘அப்புறம்’, ‘வேற ஒண்ணுமில்ல’ என்பதைத் தாண்டுவதில்லை, அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். உங்கள் மகளின் இறப்புச் சான்றிதழில் ஒரு பிரதி வேண்டும். பத்துப் பிரதி வாங்கினோம். நான் எங்கேயாவது வைத்துத் தொலைத்துவிடுவேன் என்று பத்தையும் ஒரே உறையில் போட்டு நீங்களே கொண்டுபோனீர்கள். சரியான முடிவுதான், போன வாரம் வண்டிச் சாவியை அரிசி டப்பாவிலிருந்து எடுத்தேன்.

எதற்கென்று கேட்பீர்கள். பள்ளி வேலை போக, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் ஆன்லைனில் ஒரு கூடுதல் கணக்கு வகுப்பு எடுத்தாள். உயர்கணக்குக்கு ஆசிரியரே இல்லாத ஏழு அரசுப் பள்ளிகளிலிருந்து இருபத்து மூன்று பிள்ளைகள். அவள் போன பிறகும் சனிக்கிழமை தவறாமல் ‘உங்களுக்காக 23 பேர் காத்திருக்கிறார்கள்’ என்று அவள் போனில் செய்தி வந்துகொண்டிருந்தது. மென்பொருள் கோளாறு என்று விட்டுவிட்டேன். ஆளே இல்லாத லிஃப்ட் சில நேரம் ‘அதிக எடை’ என்று காட்டும், மெக்கானிக்குகள் நாங்கள் போய் சென்சாரைத் துடைத்துவிட்டு வருவோம், அந்த மாதிரி. எட்டாவது வாரம், சரி, இதை நிறுத்திவிடலாம் என்று உள்ளே போனால் நிஜமாகவே இருபத்து மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி தையல் கடையில், ஒருவன் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில், இரண்டு பேர் ஒரே போனில் பாதிப் பாதி முகமாக. எட்டு வாரமாக ஆசிரியர் இல்லாமல் தாங்களே வருகைப்பதிவு எடுத்து, தாங்களே கணக்குப் போட்டு, தாங்களே சண்டையும் போட்டிருக்கிறார்கள்.

யோசிக்காமல் அவள் பெயரிலேயே உள்ளே போய்விட்டேன். திரையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் எல்லாரும் அப்படியே நிறுத்திவிட்டார்கள். வகுப்புத் தலைவி போலிருந்த பெண்தான் கேட்டாள். “யாரு?”

“டீச்சரோட வீட்டுக்காரர்.”

“லிஃப்ட் சாரா? கொஞ்சம் இருங்க சார், பதினேழாவது கணக்கு ஓடிக்கிட்டிருக்கு.”

இருந்தேன். வகுப்பு முடிந்தது என்று சொல்ல வந்தவன் அரை மணி நேரம் கை கட்டிக்கொண்டு இருந்தேன். அப்புறம் அந்தக் கணக்கு யாருக்கும் வரவில்லை, என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வழி லிஃப்டுக்கு எதிரெடை எப்படிக் கணக்கிடுவோம் என்பதுதான், அதை வைத்துச் சொன்னேன். தண்ணீர்த் தொட்டிப் பையன் சிரித்தான். “டீச்சர் அப்பவே சொன்னாங்க சார், அவர்கிட்ட எது கேட்டாலும் எத்தனாவது மாடின்னுதான் கேப்பாருன்னு.” வகுப்பில் என்னைப் பற்றி இவ்வளவு பேசியிருக்கிறாள் மாமா, எனக்குத் தெரியாது. இப்போது ஆறு வாரமாகிறது, நான்தான் எடுக்கிறேன். வகையீட்டுக்கும் லிஃப்ட், நிகழ்தகவுக்கும் லிஃப்ட். பிள்ளைகள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

இதற்குள் கல்வித் துறை மேலிடத்திலிருந்து ஓலை வந்துவிட்டது. பதிவில் உள்ள ஆசிரியர் வேறு, எடுப்பவர் வேறு, மாதக் கடைசிக்குள் சரிசெய்யாவிட்டால் வகுப்பு மூடப்படுமாம். மூடினால் இந்தப் பிள்ளைகளுக்கு வேறு வகுப்பு கிடையாது. ‘மாற்றத்துக்கான காரணம்’ என்று படிவத்தில் ஒரு பட்டியல். இடமாற்றம் என்று போட்டேன், புதுப் பள்ளியின் ஆறு இலக்க எண் கேட்டது. ஓய்வு என்று போட்டேன், ‘வயது 31, பொருந்தவில்லை’ என்றது. பொருந்தவில்லைதான். மகப்பேறு விடுப்பு என்று ஒரு வரி இருந்தது, அதை நான் தொடவில்லை. உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன், ஒரு பெண் எடுத்தாள்.

“டீச்சர் இறந்துட்டாங்கம்மா.”

“பதிஞ்சுக்கிட்டேன் சார். பேர் மாத்த அவங்க சம்மதம் வேணும்.”

“அது எப்படிம்மா முடியும்?”

“எழுத்துல வேணாம் சார், வாய்மொழியா சொன்னாலே போதும்.”

“சார், நான் வேலைக்குப் புதுசு, மன்னிச்சிருங்க” என்று மேலதிகாரியிடம் கொடுத்தாள். அவர், ‘மற்றவை’யில் போய்ச் சான்றிதழை ஏற்றினால் வேலை முடிந்தது என்றார். ஆகவே மாமா, ஒரு பிரதி. நீங்கள் அந்த உறையை இன்னும் பிரிக்கவில்லை என்று அத்தை சொன்னார். எனக்கும் அந்தக் காகிதத்தைப் பார்க்க ஆசையில்லை. அத்தையிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள், குப்புற வைத்து அனுப்பினால்கூடப் போதும், இங்கே திருப்பாமல் எப்படி ஸ்கேன் எடுப்பது என்று பார்த்துக்கொள்கிறேன்.

மாத்திரையை விடாதீர்கள். அத்தைக்கு என் வணக்கம். இருவரும் என்னை நினைத்துக் கவலைப்படும் நேரத்தில் பாதியைத் தூங்குவதற்கு ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: சான்றிதழ் அனுப்ப வேண்டாம். இந்தக் கடித உறையை ஒட்டும்போது, வேலைக்குப் புதிதான அந்த உதவி எண் பெண்ணே கூப்பிட்டாள். “சார், ஏத்திட்டீங்களா? ஏத்திராதீங்க. ஏத்தினா டீச்சரோட கணக்கே அழிஞ்சிரும், அவங்க பதிவுபண்ணி வச்ச நாப்பத்தோரு பாடமும் சேர்ந்து போயிரும். யாரும் உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க, அதான் கூப்பிட்டேன். நீண்ட விடுப்புன்னு போடுங்க. உங்களை உதவி ஆசிரியராச் சேத்துக்கலாம், அவங்க பேரு மேலேயே இருக்கும்.” திரும்பி வரும் தேதி கேட்குமே என்றேன். “அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலியா விடலாம் சார்.” விட்டேன். ஏற்றுக்கொண்டது.