ரப்பர் போட்டுத் தேய்த்த டைனோசர்

அவிநாசியிலிருந்து கோயமுத்தூர் போகிற ரோட்டில், சட்டைப் பையில் ஒரு பென்சில் ரப்பரும் கையில் ஒரு ஸ்க்ரூடிரைவருமாக நடந்துகொண்டிருந்தேன். பஸ்ஸுக்குக் காசு இல்லாமல் இல்லை. பஸ் ஏறினால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் கோபம் ஆறிவிடும். ஆறவிட எனக்கு இஷ்டமில்லை. எதிரே வந்த ஸ்கூட்டர்காரர் ஒருவர் என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு வண்டியை நன்றாக ஒதுக்கி ஓட்டிப் போனார். (அவரைச் சொல்லிக் குத்தமில்லை. அன்னைக்கு என் மூஞ்சி அப்படி.)

யார் மேல் கோபம் என்று கேட்டால், ஊரில் பாதிப் பேர் மேல். என்னை அனுப்பி வைத்த கடை முதலாளி மேல். ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை உட்கார வைக்கலாம் என்று கண்டுபிடித்த புண்ணியவான் மேல். எல்லாவற்றையும் விட, எனக்குச் சோறு போட்ட சாந்தாமணி அக்கா மேல்.

படிப்பு எனக்கு ஒன்பதாவதோடு சரி. அதற்கப்புறம் லாரி கிளீனர், பல்லடத்தில் கோழிப் பண்ணை, திருப்பூரில் பனியன் மடிப்பு, ஊட்டியில் கேரட் கழுவுகிற வேலை. எதிலும் நான் தங்கவில்லை. சில இடங்களில் பட்டினி, சில இடங்களில் அடி, அதில் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. (கேரட்டுதான் மோசம். தண்ணி அப்படிக் குளிரும்.) கடைசியில் போத்தனூரில் இருக்கும் என் கூடப் பிறந்த அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஆர்.எஸ்.புரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த குமரேசன் அண்ணனிடம் மாமா பேசி வேலை வாங்கிக் கொடுத்தார். கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "மாப்ளே, இந்த வேலையாச்சும் ஒரு தீவாளியப் பாக்கோணும். இல்லீன்னா மறுபடியும் கேரட்டுக்கே போயிரு."

அந்தக் கடையில் நான் கற்ற வித்தை ஒன்றே ஒன்று. கம்ப்யூட்டருக்கு உயிர் வரவில்லையென்றால் மூடியைக் கழற்று. உள்ளே பச்சைப் பட்டை மாதிரி இருக்கும் ரேமை உருவு. அதன் தங்கப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய். ஊது. மாட்டு. பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பிழைத்ததும் வீட்டுக்காரர்கள் முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து, நான் என்னை ஒரு டாக்டராகவே நினைக்க ஆரம்பித்திருந்தேன். ரப்பரை யாரும் பார்க்காதபடி உள்ளங்கையில் மறைத்துத் தேய்ப்பேன். தொழில் ரகசியமாம்!

சாந்தாமணி அக்கா அவிநாசிக்குப் பக்கத்தில் எம்ப்ராய்டரி யூனிட் வைத்திருந்தார். பனியனில் பூவும் பொம்மையும் தைத்துக் கொடுக்கிற இடம். அந்தப் பொம்மையைத் தையல் தையலாகக் கம்ப்யூட்டரில் வரைகிறவள் கோகிலா. அவள் அப்போது வரைந்துகொண்டிருந்தது ஒரு டைனோசர். வெளிநாட்டுக் குழந்தைகளின் சட்டைக்கு. பல்லும் செதிலும் வாலுமாக, பல நாள் வேலை. நான் போன அன்று சாயங்காலத்துக்குள் அது ஒரு சட்டையில் ஏறி, மாதிரியாகத் திருப்பூர் கம்பெனிக்குப் போக வேண்டும். போகவில்லையென்றால் ஆர்டர் வேறு யூனிட்டுக்குப் போய்விடும். அப்படிப்பட்ட காலையில் கம்ப்யூட்டர் "மெமரி போதவில்லை" என்று மக்கர் பண்ணியது.

குமரேசன் அண்ணன் ஒரு புது ரேமை என் கையில் கொடுத்து, "மெமரி பத்தலையாம். இதச் சொருகிப்போட்டு வா. அரை மணி நேர வேலை" என்றார். (அந்த அரை மணி நேரம் இன்னும் முடியலைங்க.)

போனேன். மூடியைக் கழற்றினேன். புது ரேமைச் சொருகினேன். போகிற போக்கில் பழையதையும் ரப்பர் போட்டு விட்டேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் மெமரி இரண்டு மடங்காகக் காட்டியது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "முடிஞ்சுதுங்கக்கா" என்றேன்.

கோகிலா வந்து பார்த்தாள். "எங்கீங்க முடிஞ்சுது? உள்ளார இருக்கற மெஷின்ல மெமரி இன்னும் ரெண்டு ஜிபிதானுங்க காட்டுது."

"எந்த மெஷினுங்க?"

"உள்ளார இருக்கறதுங்க."

நான் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தேன். ஒரு ஜோடி செருப்பும் தண்ணீர்க் குடமும் இருந்தன. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது. கோகிலா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

பிறகுதான் விளக்கினாள். அவர்களுடைய டிசைன் சாப்ட்வேர் பழசு. பழைய காலத்து சிஸ்டத்தில்தான் ஓடும். அதனால் புதுக் கம்ப்யூட்டருக்குள், பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருப்பதாகப் பாவனை பண்ணி வைத்திருந்தார்கள். அதற்குப் பெயர் வர்ச்சுவல் மெஷின். பெட்டி கிடையாது, ஒயர் கிடையாது, திரையில் ஒரு ஜன்னல் மட்டும். வீட்டுக்குள் உள்வாடகைக்கு ஆள் வைத்தது மாதிரி. வீட்டுக்காரர் மாடி மேல் மாடி கட்டினாலும், உள்வாடகைக்காரருக்கு எழுதிக் கொடுத்த அறை எதுவோ அதுதான். அந்த அறையைப் பெரிதாக்க வேறு இடத்தில் சொல்ல வேண்டும். இது இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் ரப்பர்.

மறுபடியும் கழற்றினேன். மறுபடியும் தேய்த்தேன். இடம் மாற்றிச் சொருகினேன். உள்ளே இரண்டு. ஊதினேன். இரண்டு. சாந்தாமணி அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். "ஏனுங் தம்பி, எத்தன வாட்டி தேச்சாலும் அது வெளிய இருக்கறதத்தானுங்களே தேய்க்கறீங்க?"

ஒன்பதாவது படித்தவன் என்று இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனாலும் வந்துவிட்டது.

அங்கேயும் இங்கேயும் தட்டி, மெமரி அளவு எழுதியிருந்த இடத்தை ஒரு வழியாகக் கண்டுபிடித்தேன். ஆனால் அந்தக் கட்டம் மங்கலாக இருந்தது. கை வைத்தால் அசையவில்லை. குமரேசன் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, உள்ளார இருக்கற மெஷின் தூங்குதுன்னு காட்டுது. மெமரியத் தொட முடியலைங்ணா."

"தூங்குச்சுன்னா அதத் தள்ளிப்போட்டுப் புதுசா ஆரம்பிடா. இதுக்கெல்லாம் போனா? இங்க கஸ்டமர் நிக்கறாங்க."

தள்ளுவதற்கு ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். பெட்டி ஒன்று முளைத்து இங்கிலீஷில் நீளமாக ஏதோ கேட்டது. இங்கிலீஷில் யார் எதைக் கேட்டாலும் "எஸ்" என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். சொன்னேன். மங்கல் போனது. கட்டம் பளிச்சென்று ஆனது. இரண்டை எட்டாக்கினேன். உள்ளே இருந்த மெஷின் புத்தம் புதிதாக எழுந்து வந்தது. மூன்று சொச்சம்தான் காட்டியது. (அந்தப் பழைய சிஸ்டத்துக்கு அதுக்கு மேல எண்ணவே தெரியாதாம். அப்புறம்தான் சொன்னாங்க.)

"அக்கா, ஏறிடுச்சு!" என்று கத்தினேன்.

கோகிலா நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள். அங்கே தட்டினாள், இங்கே தட்டினாள். அப்புறம் மெதுவாக, "என்ற டைனோசர் எங்கீங்க?" என்றாள்.

விஷயம் இதுதான். மெமரி குறைவு என்பதால் டைனோசரைச் சேவ் பண்ணப் போனாலே அந்த மெஷின் உறைந்து நின்றுவிடும். அதனால் அவள் தினமும் சாயங்காலம் சேவ் பண்ணாமல், வேலையைத் திறந்தபடியே விட்டு, உள் மெஷினை அப்படியே தூங்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போவாள். காலையில் எழுப்பினால் விட்ட இடத்திலேயே நிற்கும். நான் மூடியைக் கழற்றுவதற்கு முன்னாலும் அப்படித்தான் தூங்க வைத்திருந்தாள். அத்தனை நாள் உழைப்பும் அந்தத் தூக்கத்துக்குள்தான் இருந்தது. நான் தூங்கினவனை எழுப்பவில்லை. கட்டிலோடு தூக்கிக் கிணற்றில் போட்டிருந்தேன்.

"இத்தன நாளா சேவ் பண்ணாம யாராச்சும் வேலை செய்வாங்களா?" என்று நான்தான் முதலில் எகிறினேன். (தப்புப் பண்றவன்தான் மொதல்ல கத்துவான். நானும் கத்துனேன்.)

"என்னன்னு கேக்காம யாராச்சும் அழிப்பாங்களாங்க?"

"அது இங்கிலீஷ்ல கேட்டுச்சுங்க!"

"அப்ப என்னையக் கூப்புட்டிருக்கலாமில்லீங்க? நானென்ன மலையாளத்துலயா நின்னுட்டிருந்தேன்?"

குமரேசன் அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "நான் எப்படா தள்ளச் சொன்னேன்? அறிவிருக்குதா உனக்கு? இனிமேல் கடைப் பக்கம் வந்துராத!" என்று அந்த ஹால் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தையல் மெஷின்கள் கூட அந்த நேரம் பார்த்து நின்றிருந்தன.

இனி சாந்தாமணி அக்காதான் பாக்கி. அவர் திட்டுவார், ஒரு அறை கூட விடுவார், வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று நின்றேன். அடி வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போவது எனக்குப் பழகின வழி. அக்கா முகம் சிவந்திருந்தது. ஆனால் வாயில் வந்தது இதுதான்:

"ஏனுங் தம்பி, உங்களுக்கெல்லாம் மண்டைக்குள்ள ஏதாச்சும் இருக்குதுங்களா? என்ற பொழப்பையே அழிச்சுப்போட்டீங்களே, நல்லா இருப்பீங்களா? மணி ரெண்டாச்சு. மொதல்ல உக்காந்து சாப்புடுங்க."

இலை போட்டார். சோறு, பருப்பு, நெய். ஊற்றும்போதும் திட்டினார். "கண்ணு தெரியாதவனக் கூட்டியாந்திருந்தாக் கூட கேட்டுட்டு அமுக்கியிருப்பானுங்க. ரசம் இன்னும் கொஞ்சம் எச்சா ஊத்தட்டுங்களா?" ஒரு வசவுக்கு ஒரு 'ங்க', ஒரு 'ங்க'வுக்கு ஒரு கரண்டி. எதிரே கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கம்பெனி கொடுத்திருந்த டைனோசர் படத்தை வைத்து முதல் பல்லிலிருந்து மறுபடி ஆரம்பித்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே நான் சாப்பிட்டேன். அதுவும் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். பசி.

ஒரு மனுஷனைப் பட்டினி போட்டு அடிக்கலாம். சோறு போட்டு இப்படி அடிக்கக் கூடாது. கையைக் கழுவியவன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ரோட்டுக்கு வந்து நடக்க ஆரம்பித்தேன். அப்படித்தான் அந்த ஸ்கூட்டர்காரர் என்னைப் பார்த்து ஒதுங்கினார்.

கருமத்தம்பட்டி வருவதற்குள் போன் அடித்தது. சாந்தாமணி அக்கா.

"எங்கீங்க போயிட்டீங்க? கம்பெனிக்காரங்க கால்ல விழாத குறையா ஒரு வாரம் கேட்டு வாங்கிப்போட்டேன். நூல் வெட்டற புள்ளைங்க ரெண்டு பேரு லீவு. அழிச்சவிங்கதான் வந்து ஒத்தாசை பண்ணோணும். காத்தால வெசயா, மொத பஸ்ஸுக்கே வந்துருங்க."

"முடியாதுங்க" என்று கத்தினேன்.

"சரிங்க, வாங்க" என்று வைத்துவிட்டார்.

போத்தனூர் வீட்டில் நான் சொன்னதைக் கேட்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மாமா சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு பிற்பாடு அவருக்கே திரும்பியது. இன்றைக்கும் மாமா கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டு வந்து நின்றால் அக்கா விடமாட்டாள். "கூப்புடுங்க என்ற தம்பிய. மண்டையக் கழட்டி ரப்பர் போட்டுத் தேச்சு மாட்டி உடுவான்." கல்யாணம், சீர், எழவு, எங்கே நாலு பேர் கூடினாலும் இதை ஒரு தடவை சொல்லாமல் பந்தி முடியாது.

மறுநாள் காலையில், பல்லைக் கடித்துக்கொண்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து அவிநாசி போய் இறங்கினேன். கோகிலாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டார்கள். எனக்கு இரண்டு வேலை. ஒன்று, தைத்து வருகிற பூக்களில் தொங்கும் நூல் பிசிறை வெட்டுவது. இன்னொன்று, டைனோசருக்கு ஒரு பல் முளைக்கும் போதெல்லாம் "சேவ் பண்ணுங்க" என்று சத்தமாகச் சொல்வது.

சொன்னேன். பெட்டி ஒன்று முளைத்து இங்கிலீஷில் ஏதோ கேட்டது. கோகிலா திரும்பி என் இரண்டு கைகளையும் பார்த்தாள். "கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க" என்றாள்.