கண்டல் குருவிக்கு அடித்த நோட்டீஸ்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவன், எழுத வந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். (இந்தக் கட்டுரையில் நான் கேட்கும் ஒரே மன்னிப்பு இதுதான்.)

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு தமிழ் அச்சகத்தில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். கல்யாண அட்டையை மற்றவர்கள் செய்வார்கள். எனக்கு மரண அறிவித்தல். செத்தவர்கள் எதிர்த்துக் கதைக்க மாட்டார்கள். என் சுபாவம் தெரிந்துதான் முதலாளி அந்தப் பிரிவைத் தந்திருப்பார்.

மகள் ஆரணி படிப்பு முடிந்ததும் கொஸ்தாரிக்காவுக்கு, கடலோரச் சேற்றில் வளரும் கண்டல் மரக் கன்று நடப் போனாள். திரும்பி வந்ததிலிருந்து வீட்டில் ஒரு குருவியின் கதைதான். ஹம்மிங்பேர்ட் இனம், முதுகு பச்சை, காற்றில் நின்றபடியே பூவில் தேன் குடிக்கும். அந்த நாட்டின் பசுபிக் கரையில் இருக்கும் கண்டல் காடுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் அது இல்லை. அந்தக் காடுகளை வெட்டி உப்பளமும் இறால் பண்ணையும் போட்டதில் அருகிக்கொண்டு வருகிறது. இப்போது இன்னொரு துண்டுக் காட்டையும் இறாலுக்குக் கேட்டிருக்கிறார்களாம். கொடுக்க வேண்டாம் என்று அந்த நாட்டு அரசுக்கு ஒரு கடிதம் எழுதி, கீழே எங்கள் சனத்தின் கையெழுத்தை வாங்கி அனுப்புவது அவளுடைய திட்டம்.

முதல் கூட்டத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். இருவர் நானும் மனைவியும். மூன்றாமவர் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவர்.

“லாஸ்ட் சான்ஸ் அப்பா,” என்றாள் ஆரணி. “இந்த முறையும் ஒருத்தரும் வராட்டி, எங்கட ஆக்களிட்டை இனி ஒண்டும் கேக்க மாட்டன்.”

அப்படி ஆகவிடக் கூடாது என்று நோட்டீஸை நானே அடித்தேன். பழகிய கை. “கொஸ்தாரிக்காவின் பசுபிக் கரையைப் பிறப்பிடமாகவும், கண்டல் காடுகளை வதிவிடமாகவும் கொண்ட சிறு குருவி” என்று தொடங்கினேன். குருவியின் படத்தை முட்டை வடிவத்தில் வெட்டி நடுவில் வைத்தேன். சுற்றிவரக் கறுப்புக் கரை. (பச்சை எடுப்பாகத் தெரியும் என்று நினைத்தேன். ஆனால் பிரதி எடுத்தது கறுப்பு வெள்ளையில்.) கடைசி வரியில் “தகவல்: ஆரணி (மகள்)” என்று போட்டு, வீட்டு நம்பரையும் கொடுத்து, தமிழ்க் கடைகளில் ஒட்டினேன்.

நம் சனம் மரண அறிவித்தலை வாசிப்பதில்லை, பார்க்கும். கரையைப் பார்க்கும், தகவல் யார் என்று பார்க்கும், மண்டபமும் நேரமும் பார்க்கும். ஆரணியின் தாயோ தகப்பனோ போய்விட்டார் என்பது நாங்கள் இருக்கும் ரூஜ் பகுதி முழுக்கப் பரவியது. என் மனைவி சனிக்கிழமை கடையில் லீக்ஸ் வாங்கியதைப் பலர் கண்டிருந்தார்கள். ஆகவே மிச்சம் நான்.

வீட்டுத் தொலைபேசி இரண்டு நாள் விடாமல் அடித்தது. மனைவியும் ஆரணியும் கூட்ட வேலையாக வெளியே, நான் எடுக்கவில்லை. (தெரிந்தவர்கள் என்றாலே எடுக்கப் பயம்.)

ஞாயிறு மூன்று மணிக்கு, மாதா கோயிலின் கீழ் மண்டபத்தில் கூட்டம். வருபவர்களின் முகம் பார்க்கக் கூச்சப்பட்டு நான் குசினிக்குள் ஒளிந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆரணி ஓடி வந்தாள்.

“அப்பா! ஹோல் நிரம்பீட்டுது! லைனிலை நிண்டு சைன் பண்ணினம்! என்னைக் கட்டிப் பிடிச்சு அழுகினம் அப்பா, அவையளுக்குக் குருவியிலை அவ்வளவு பாசம்!”

நெஞ்சு நிமிர, தேநீர்த் தட்டோடு வெளியே வந்தேன். முன்வரிசையில் மலர்வளையத்தோடு இருந்த எங்கள் ஊர் றோசா அன்ரி என்னைக் கண்டதும், “அந்தோனியாரே, காப்பாத்தும்!” என்று கத்தி வளையத்தைக் கீழே போட்டார். தட்டு என் கையிலிருந்து போனது. எனக்கு அவ்வளவு பேரைத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

வாசல் மேசைக்குப் போய்த் தாள்களைப் பார்த்தேன். அனுதாபப் புத்தகம் என்று நினைத்து எல்லோரும் கையெழுத்து வைத்திருந்தார்கள். “நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார்” என்று ஒருவர் எழுதியும் இருந்தார்.

எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் பெனடிக்ற் அண்ணை எழும்பினார். “ஐசே, உதென்ன பகிடி? ரெக்ஸ்டேலிலையிருந்து ட்ரஃபிக்குக்குள்ளை வாறன்! எல்லாரிட்டையும் மன்னிப்புக் கேளும்!”

ஆரணிக்கு அப்போதுதான் விளங்கியது. “இது சீற்றிங் அப்பா, ஆக்களை ஏமாத்திறது,” என்று தாள்களைக் கிழிக்கப் போனாள். அவள் கையைப் பிடித்தேன்.

பேருந்தில் என் காலை மிதித்தவரிடமும் மன்னிப்புக் கேட்கிற ஆள் நான். அன்று கேட்கவில்லை. மைக்கை எடுத்தேன். குரல் ஆடவில்லை.

“நான் சாகேல்லை. இந்தக் குருவியும் இன்னும் சாகேல்லை. செத்தால் எங்கையிருந்தும் வாறியள். உயிரோடை இருக்கேக்கை கூப்பிட்டம், ஒருத்தரும் வரேல்லை. நோட்டீஸ் அடிச்சது என்ர பிழை. ஆனால் மன்னிப்புக் கேக்க மாட்டன். பத்து நிமிசம் என்ர பிள்ளை சொல்லுறதைக் கேளுங்கோ. பிறகு பேரை வெட்டுறவை வந்து வெட்டுங்கோ. பேனை மேசையிலை கிடக்கு.”

பெனடிக்ற் அண்ணை அந்த நிமிடமே போய் வெட்டினார், தாள் கிழியக் கிழிய. மற்றவர்கள் இருந்தார்கள். (வடை இன்னும் வரவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.) ஆரணி பேசி முடித்தாள்.

“பிள்ளை,” என்றார் றோசா அன்ரி, “உந்தக் காட்டை வெட்டினால் அது வேறை எங்கையாவது போய் இருக்கும்தானே?”

“இல்லை அன்ரி. அதுக்கு உலகத்திலை வேறை இடமில்லை.”

றோசா அன்ரி எழும்பி மேசைக்குப் போனார். வெட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். தன் கையெழுத்துக்கு மேலேயே இன்னொரு தரம் அழுத்தி எழுதிவிட்டு வந்து தன் கதிரையில் இருந்தார். பேரை வெட்டியவர்கள் மொத்தம் நாலு பேர்.

இன்றும் மைத்துனன் தொலைபேசி எடுத்தால், “அத்தான் இருக்கிறாரோ, இல்லாட்டி வளையத்தோடை வரவோ?” என்றுதான் தொடங்குவான். “இருக்கிறன், கையெழுத்துப் போட வாரும்,” என்பேன். இப்போதெல்லாம் தொலைபேசியை நான்தான் எடுக்கிறேன்.

அந்தக் கூட்டத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை, எண்பத்தாறு கையெழுத்துகளோடு ஆரணி கடிதத்தைத் தபாலில் சேர்த்தாள்.