பெருமாள் மாமாவின் நெஞ்சும் என் பன்னிரண்டு இஞ்சு ஊஃபரும்

ஒன்றுமே தெரியாதவர்களால் பெரிய கேடு வருவதில்லை. அவர்கள் நாலு பேரைக் கேட்டுத்தான் எதையும் செய்வார்கள். பாதி தெரிந்தவர்கள்தான் ஆபத்து. யாரையோ குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எண்பதுகளின் நடுவில் போடிநாயக்கனூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பௌதிகம் நடத்திக்கொண்டிருந்த ஒரு டீச்சரைப் பற்றிச் சொல்கிறேன். அந்த டீச்சர் நான்தான்.

என் கணவர் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கும் வேலை பார்த்தார். (ஒரு பிடி காயை அள்ளினால் எந்தச் சரிவில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பெருமை பேசமாட்டார். இந்த இரண்டாவது குணம் எனக்கு ஒட்டவே இல்லை.) அவருடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒரு ஸ்டீரியோ செட் கொடுத்துவிட்டுப் போனார். பாட்டு தெளிவாகக் கேட்கும்; தவில் மட்டும் தகர டப்பாவைத் தட்டுவதுபோல ஒலிக்கும். இப்போது சப்-ஊஃபர் என்கிறார்களே, கனத்த ஓசைக்கென்றே ஒரு தனி ஒலிபெருக்கிப் பெட்டி, அது இல்லாத குறை. எங்கள் தெருவில் அப்போது அதற்கு ‘பேஸ் பொட்டி’ என்று பெயர்.

“தேவாரம் ஊர்ல ரேடியோ ரிப்பேர் பாக்குற ஆளு ஒருத்தரு இருக்காரு. அவரக் கூட்டிட்டுப் போய்க் கேட்டு வாங்குவோம்” என்றார் கணவர்.

“எதுக்குங்க? வருசா வருசம் ஒலிப் பாடம் நடத்துறவ நானு. எனக்குத் தெரியாதது அவருக்கு என்ன தெரிஞ்சிரப் போகுது?”

ஒரு சனிக்கிழமை இருவரும் மதுரைக்கு ரயிலேறினோம். கடையில் எட்டு, பத்து, பன்னிரண்டு இஞ்சு என்று மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள்.

“ரூம் எம்புட்டும்மா?” என்று கேட்டார் கடைக்காரர்.

“பத்துக்குப் பன்னெண்டு.”

“அப்ப எட்டே போதும். சின்ன ரூம்புல பெருச வச்சா பாட்டுக் கேக்காது, அடிதான் கேக்கும்.”

எனக்குச் சுருக்கென்றது. வீடு சிறிது என்கிறாரா, என் படிப்பு சிறிது என்கிறாரா? “கூம்பு பெருசா இருந்தா காத்த அதிகமாத் தள்ளும். அப்பத்தான் தாழ்ந்த சுதி சரியா வரும். இது பௌதிகம்” என்று ஆரம்பித்து, அந்தக் கவுண்டரில் நின்றபடியே முக்கால் பீரியட் பாடம் நடத்தினேன். கடைக்காரர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் மின்விசிறியைப் பார்த்தார்.

“உங்க இஷ்டம்மா. மூலையில செவுத்த ஒட்டி வச்சீங்கன்னா அடி இன்னும் கனமா விழும்” என்றார் கடைக்காரர். கிண்டலாகச் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அதை நோட்டில் குறித்துக்கொண்டு, பன்னிரண்டு இஞ்சையே வாங்கினேன்.

திரும்பும்போது ரயிலில் பெட்டிக்கே ஒரு ஆள் இடம் வேண்டியிருந்தது. எதிரே இருந்த அம்மா, “உள்ள என்னங்க?” என்று கேட்டார். “காத்துங்க” என்றார் என் கணவர்.

மறுநாள் மாலை பெட்டியை மூலையில் சுவரை ஒட்டி வைத்தேன். அது எங்களுக்கும் பெருமாள் மாமாவுக்கும் பொதுச் சுவர். மாமா எங்களுக்கு உறவில்லை, பழக்கத்தில் மாமா. மலை மேட்டில் கொஞ்சம் ஏலத்தோட்டம் வைத்திருந்தார். தினமும் ஜீப்பில் போய்விட்டு ஐந்து மணிக்கு இறங்கி, குளித்துவிட்டு இரும்புக் கட்டிலில் சாய்வார். கட்டிலின் தலைமாடு சுவருக்கு அந்தப் பக்கம், என் மூலைக்கு நேராக இருந்தது.

தவில் கேசட்டைப் போட்டேன். அலமாரியில் இருந்த டம்ளர் தானாக ஓரத்துக்கு நகர்ந்தது. வயிற்றுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல இருந்தது. எனக்குப் பரமானந்தம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, வாசலில் மாமாவின் மனைவி பாப்பாத்தி அத்தையின் அலறல்.

“டீச்சரு! மாமாவுக்கு நெஞ்சு என்னமோ பண்ணுது, வெரசா வா!”

செட்டை அணைத்துவிட்டு ஓடினேன். மாமா வியர்த்துப்போய்க் கிடந்தார். “நெஞ்சுக்குள்ள யாரோ கொட்டடிச்ச மாதிரி இருந்துச்சு ஆத்தா.”

“இப்ப?”

“நீ வந்ததும் நின்னுருச்சு.”

ஜீப்பில் டாக்டரிடம் கொண்டுபோனார்கள். ஒன்றுமில்லை, வாய்வு என்று அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை மாலை மறுபடியும் கேசட், மறுபடியும் அலறல். மறுபடியும் நான் அணைத்துவிட்டு ஓடினேன், அடி நின்றது. இந்த முறை டாக்டர் மாத்திரை எழுதி, மதுரைக்குப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது என்றார். (என் வீட்டுப் பாட்டு அவர்களுக்கு வாசல் வழியாக மெலிசாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பாட்டுக்கும் நெஞ்சுக்கும் யார் முடிச்சுப் போடுவார்கள்?)

“டீச்சர் பக்கத்துல உக்காந்தா அடங்கிருது” என்று மாமா பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். தெருப் பெண்கள் என்னை ஒரு தினுசாகப் பார்க்கத் தொடங்கினார்கள். எதிர்வீட்டு அம்மா காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கி வந்து, என் கையை நெற்றியில் வைக்கச் சொன்னார். வைத்தேன். (இந்தக் கதையில் என்னால் இன்னும் யாரிடமும் சிரித்துச் சொல்ல முடியாத இடம் அதுதான்.)

பக்கத்தில் நோயாளியை வைத்துக்கொண்டு பாட்டென்ன என்று செவ்வாயும் புதனும் செட்டைத் தொடவில்லை. மாமாவுக்கும் நெஞ்சில் அந்த அடி வரவில்லை. மாத்திரை கேட்கிறது என்று நினைத்தேன்.

ஆனால் மாமா வேறொரு முடிவுக்கு வந்திருந்தார். இனி தேறமாட்டோம் என்று தோன்றி, பொட்டிபுரத்திலிருந்த தம்பி ராமசாமியை வரச்சொல்லி ஆள் அனுப்பிவிட்டார். பங்குக் கிணற்றில் தண்ணீர் முறை யாருக்கு என்ற சண்டையில் அண்ணனும் தம்பியும் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகூடத் தபாலில்தான் போனது.

வியாழக்கிழமை மாலை ராமசாமி வந்தார். பக்கத்தில் இருக்கட்டும் என்று மாமா என்னையும் அழைத்திருந்தார். அண்ணனை அப்படியே உரித்து வைத்த முகம். கட்டிலோரம் நின்றார்.

“உக்காருடா” என்றார் மாமா. அவர் உட்கார்ந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். “அன்னைக்கி எம்மேலதான் தப்பு. வாரத்துல மூணு நாளு தண்ணி ஒனக்குத்தான். எங்கண்ணு மூடுறதுக்குள்ள சொல்லிப்புடணும்னு இருந்தேன்.”

தம்பி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பாப்பாத்தி அத்தை அழுதார். நானும் அழுதேன்.

அந்த நேரம் பார்த்து மாமா நெஞ்சைப் பிடித்தார். “இந்தா... வந்துருச்சு.”

நான் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்திருந்தேன். சட்டம் என் கைக்குள் அதிர்ந்தது. திம், திம், தகதிம். அந்த நடை எனக்குத் தெரியும். அடுத்து எங்கே நிற்கும், எங்கே எடுக்கும் என்றும் தெரியும். கடையிலிருந்து வந்த என் கணவர், கேசட்டைப் போட்டிருக்கிறார்.

தாழ்ந்த சுதி ஓசை சுவரைக் கடக்கும், உயர்ந்த சுதி ஓசை நின்றுவிடும் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்!

ராமசாமி மெதுவாக எழுந்து சுவரில் உள்ளங்கையை வைத்தார். “அண்ணே, ஒனக்கு நெஞ்சு அடிக்கல. செவுருதான் அடிக்குது.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “மாமா... அது எங்க வீட்டு பேஸ் பொட்டி” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்து மறுபடியும் சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. மாமா எழுந்து உட்கார்ந்தார். அவமானத்தில் முகம் கறுத்துவிட்டது. சாகப்போகிற மனிதன் பேசிய பேச்சை, சாகாத மனிதன் என்ன செய்வது?

ராமசாமிதான் பேசினார். “அண்ணே, சொன்னதத் திருப்பி எடுத்துக்கிறதுன்னா எடுத்துக்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். பஸ்சுக்கு நேரமாச்சு, வர்றேன்.”

மாமா சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தம்பி செருப்பில் கால் நுழைத்துவிட்டார். ஒன்பது வருடம் கழித்துச் சேர்ந்தது, என்னால் சேர்ந்து, என்னாலேயே பிரியப் போகிறது.

“சாப்ட்டுப் போ” என்றார் மாமா. பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, “ரெண்டு பேத்துக்கும் எலையப் போடு” என்றார்.

தண்ணீர் முறையை அவர் திருப்பி எடுக்கவில்லை. என்னோடு மட்டும் நாலு மாதம் பேசவில்லை. அதில் நியாயம் இருந்தது. அடுத்த வாரமே மதுரைக்குப் போய், கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் எட்டு இஞ்சுக்கு மாற்றிக்கொண்டு வந்தேன்.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் ஜீப்பிலிருந்து இறங்கிய மாமா, நேராக என் வாசலில் வந்து நின்றார். “சாவு பயத்துலதான் தப்பு தெரிஞ்சுச்சுன்னு ஊர்ல பேசுறாய்ங்க. அப்பிடியில்ல டீச்சரு. மொத வருசமே தெரியும். சொல்றதுக்குத்தான் வாய் வரல.” அவ்வளவுதான், போய்விட்டார். படித்ததைத் தேவையான நேரத்தில் மறந்தவள் நான். தெரிந்ததை ஒன்பது வருடம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தவர் அவர். எது பெரிய தவறு என்று இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை.

மாமாவும் தம்பியும் இப்போது இல்லை. ஆனால் அந்த இரண்டு குடும்பத்திலும், எங்கள் குடும்பத்திலும், யாராவது இருவர் முறைத்துக்கொண்டு பேசாமல் திரிந்தால், மூன்றாவது ஆள் ஒருவர் சொல்வார்: “டீச்சரு வீட்டுப் பொட்டியக் கொண்டாங்கப்பா!” போன மாதம்கூட என் மகளும் மருமகனும் ஊமையாக உட்கார்ந்திருந்தபோது என் கணவர் இதைச் சொன்னார். மருமகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன பொட்டி என்று, கோபத்தை மறந்து என் மகளிடமே கேட்டார்.

அவள் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.