படகில் ஒரு முழங்கால் உபதேசி

முழங்கால் உபதேசி என்றொரு இனம் உண்டு. பார்க்க ஆசையா? அந்தமானில் காலை எட்டு மணிக்கு பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தம் போகும் படகில் ஏறுங்கள். தேட வேண்டாம். நீங்கள் உட்காரும் விதத்தைப் பார்த்து அவரே உங்களைத் தேடி வருவார்.

எங்கள் படகில் அவர் பெயர் முருகானந்தம். கால்பந்தில் கிழிந்த மெனிஸ்கஸை, அதாவது முழங்கால் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் கிடக்கும் குருத்தெலும்பை, வாலிபத்திலேயே வெட்டி எடுத்தாயிற்று. மெத்தை போனபின் பத்து வருடம் நொண்டி, மெயின்லேண்ட் போய், அளவு பொருந்தும் ஒன்றுக்காக ஏழு மாதம் காத்திருந்து, இறந்துபோன யாரோ ஒருவர் தானம் தந்ததைப் பொருத்திக்கொண்டு கப்பலேறினார். நோயாளியாகப் போனவர் டாக்டராகத் திரும்பினார்.

சம்மணம் போட்டால் அதட்டுவார். மீன்கூடை தூக்கினால் எடை கேட்பார்.

"அக்கா, தொடையை இறுக்கிப் பத்து எண்ணுங்க. தொடைச் சதைதான் முட்டிக்குக் காவல்."

"நீங்க இன்னிக்கு எண்ணினீங்களா?" என்பார் பக்கத்தில் மனைவி வைஜெயந்தி.

உடனே அவருக்குக் கடல் அழகாகத் தெரியும்.

எடை ஏறக்கூடாது, பயிற்சியை விடக்கூடாது, குதிக்கவே கூடாது. மெத்தை மறுபடி கிழிந்தால் இன்னொன்று வைப்பது சந்தேகம். டாக்டர் அவருக்குச் சொன்ன இதெல்லாம் இன்று படகு முழுக்க மனப்பாடம்.

ஆனால் எங்களுக்கு ஒரு வழக்கம். படகு ஜெட்டி என்கிற படகுத்துறையை ஒட்டுமுன், கயிறு கட்டுமுன், தாவி இறங்கிவிடுவோம். மிச்சம் அரை நிமிடம். அதை வைத்து யார் என்ன சாதித்தோம்? டீக்கடையில் நின்றோம்.

போன செவ்வாய், துணிக்கடை முபாரக் தாவத் தயாரானார்.

"பாய், ருக்கோ! உங்க முட்டிக்கு ஸ்பேர் பார்ட் இந்தத் தீவுல கிடையாது!"

"நான் நின்னுட்டேன் அண்ணே. உங்க காலு எங்க இருக்கு, கீழ பாருங்க."

பார்த்தோம். தானம் வாங்கிய கால் படகின் விளிம்பில் இருந்தது. பின்னாலிருந்து "சலோ, சலோ" என்று சத்தம். வைஜெயந்தி எட்டிச் சட்டையைப் பிடித்தார். கையில் பொத்தான் மட்டும் வந்தது.

தாவியவர் ஜெட்டியில் உட்கார்ந்துவிட்டார்.

கயிறு கட்டி, பலகை போட்டபின், வைஜெயந்தி நிதானமாக நடந்து இறங்கினார்.

"ஏழு மாசம் காத்திருந்தீங்க. அரை நிமிஷம் முடியலையா?"

ஸ்கேனில் மெத்தை தப்பியிருந்தது, மயிரிழையில். ஆறு வாரம் ஊன்றுகோல். இப்போது ஊன்றுகோலை நீட்டி நீட்டி உபதேசிக்கிறார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாக. ஆனால் ஜெட்டி இன்னும் பத்தடி தூரத்தில் இருக்கிறது, கயிறு இன்னும் வீசவில்லை. அதற்குள் பையை மாட்டிக்கொண்டு நீங்கள் ஏன் எழுந்து நிற்கிறீர்கள்?