நானே எழுதிய வைத்தியச் சான்று

என் கையெழுத்து அழகாக இருக்கும். அந்த அழகால் ஒருமுறை என் வேலையே போகப் பார்த்தது என்பதை இத்தனை காலம் கழித்து ஒப்புக்கொள்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நாமக்கல்லில் ஒரு பஞ்சாலையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வேலை நிரந்தரமாகவில்லை. அப்போதுதான் புதுச்சத்திரத்து வீட்டில் முறைக்காய்ச்சலில் படுத்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டிலே ஆடும் அளவுக்குக் குளிர். பத்தாம் நாள் மானேஜரிடமிருந்து கடிதம் வந்தது: வைத்தியர் சான்று அனுப்பாவிட்டால் வேறு ஆள் போடப்படும்.

எனக்கு மருந்து கொடுத்த நாட்டு வைத்தியருக்கு எழுதத் தெரியாது. நான் எழுதுகிறேன், நீங்கள் கைநாட்டு வையுங்கள் என்றேன். அன்று காய்ச்சல் விட்டிருந்தது. 'கடும் காய்ச்சல்' என்று எழுதி நிறுத்தியிருக்கலாம். (நிறுத்துகிற புத்தி இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.) 'நினைவு தப்புகிறது, பிழைப்பது அரிது' என்று முத்து முத்தாக எழுதி முடித்தேன்.

என் மனைவி பாவாயி கைக்குழந்தையோடு போய் அதைக் கொடுத்தாள். மானேஜர் என் பழைய வேலை விண்ணப்பத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். பிறகு அவளுக்குப் படித்துக் காட்டினாராம். சாகக் கிடப்பவருக்குக் கை நடுங்கவே இல்லையே, நாளைக்கு அவரே வரட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பாவாயிக்குப் படிக்கத் தெரியாது. நான் எழுதியது என்னவென்று அங்கேதான் அவளுக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நெசமா இருக்கற காச்சலுக்கு எதுக்குங்க பொய்யச் சேத்துனீங்க?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் குளிர் வரும் முறை. மாட்டுவண்டியில் என்னைப் படுக்கவைத்துக் கூட்டிப் போனாள். மானேஜரின் அறையில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, வழியெல்லாம் தயார் செய்த மன்னிப்பைத் தொடங்கினேன். "மரியாதைக்குரிய ஐயா" வரைக்கும் வந்தது. அதற்குப் பின்னால் வந்தது காலையில் குடித்த நிலவேம்புக் கஷாயம். அத்தனையும் அவர் மேஜையில், அந்தச் சான்றின் மேலேயே விழுந்தது. நான் தரையில் சரிந்துவிட்டேன்.

அவர் திட்டவில்லை. மேஜையைச் சுற்றி வந்து என் நெற்றியில் கை வைத்தார். சுட்டதுபோல உடனே எடுத்துக்கொண்டார். "ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போம்மா. நல்லா நடக்க முடிஞ்சப்பறம் வந்தாப் போதும்" என்று பாவாயியிடம் சொன்னார்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பினேன். அவர் மேஜைக்குப் புதுத் துணி விரித்திருந்தார்கள். அதைப் பற்றி ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அன்றைய கைக்குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போனாள். அவளுக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் லீவு கடிதம் எழுத நான் பேனாவைத் திறப்பேன். பாவாயி அதை வாங்கி மூடிவைப்பாள்.

"நீங்க எழுதுனா புள்ள பொழைக்காதுங்க. நானே வாத்தியார்கிட்டச் சொல்லிப்போட்டு வாரேன்."