ஜன்னலில் நின்ற கப்பல்

அறுபத்திரண்டாவது வயதில் நான் ஒரு கப்பல் வாங்குவதென்று முடிவு செய்தேன்.

பயப்படாதீர்கள். பதினைந்து அங்குலக் கப்பல். மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். வைத்தால் தொடை வெந்துவிடும் என்பதை மட்டும் வாங்கிய பிறகு நாமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் ஹார்லிங்கன் துறைமுகத்திலிருந்து தீவுக்குப் போகும் படகில் முப்பத்தொரு வருடம் சுக்கான் பிடித்தவன் நான். கேட்கிறவர்கள், "ஆகா, கடல் வாழ்க்கை!" என்பார்கள். காலையில் போய், மதியம் வந்து, மறுபடி போய், மறுபடி வருகிற வாழ்க்கை. மணல் திட்டுகளுக்கு நடுவே ஆழப்படுத்திய ஒரே தடம். இந்தப் பக்கம் பச்சை மிதவை, அந்தப் பக்கம் சிவப்பு மிதவை, நடுவில் நான். செக்குமாட்டுக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், அது நனையாது. அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நான் சுக்கானை என் இஷ்டத்துக்குத் திருப்பியதில்லை.

பிறகு முழங்கால் போயிற்று. வேலை போயிற்று. ஒருநாள் மைத்துனன் வீட்டில் அவனுடைய கணினி விளையாட்டில் அதைப் பார்த்தேன். பாய்மரக் கப்பல். பொழுது விடிகிற கடல். அலை ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு எழுந்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, மறுபடி படுத்தது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு மிதவை இல்லை.

மிதவையே இல்லாத கடல்! அன்று ராத்திரி நான் சரியாகச் சாப்பிடவில்லை.

இங்கே எங்கள் வீட்டு ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். முன்னறையின் பாதிச் சுவர் அதுதான். வாய்க்கால் கரையைப் பார்த்திருக்கும். அதற்குத் திரைச்சீலை கிடையாது. என் அம்மா காலத்திலும் கிடையாது. "மறைக்க ஒண்ணும் இல்லாதவங்களுக்குத் திரைச்சீலை எதுக்கு?" என்பாள் அம்மா. கல்யாணமான முதல் மாதமே என் மனைவி தீனகே ஒன்று மாட்டலாமா என்று கேட்டாள். ஒவ்வொரு குளிர்காலமும் கேட்டாள். ஒவ்வொரு குளிர்காலமும் நான், "என் பிணம் போன பிறகு மாட்டிக்கோ" என்றேன். புத்தாண்டு விருந்தில் தெருவே கேட்கவும் சொல்லியிருக்கிறேன். நான் கொள்கைக்காரன்.

ஆக, கப்பல். எண்ணூறு யூரோவுக்கு மேல் போகக்கூடாது என்பது தீனகேயின் சட்டம். அந்த விலையில் எல்லாம் நன்றாக இருக்கிற கேமிங் லேப்டாப் உலகத்தில் இல்லை. எதை விட்டு எதைப் பிடிப்பது என்பதுதான் விஷயம். மூன்று மாதம் படித்தேன். பிறகு ஒரு காலை உணவின்போது அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். அவள் மடியில் ஏதோ கருநீலத் துணியைப் போட்டு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஹார்மன், வெண்ணெயை எங்க கொண்டுபோற?"

"இது கிராபிக்ஸ்."

"அது வெண்ணெய்."

"இப்போதைக்கு கிராபிக்ஸ். அலை, மேகம், வெயில் எல்லாத்தையும் வரையறது இதுதான். இது நல்லதா வேணும்னா..." ரொட்டியைத் தள்ளிவைத்தேன். "பேட்டரி போச்சு. ஒரு மணி நேரம்கூட நிக்காது."

"அப்புறம்?"

"சுவத்துல சொருகியே வச்சிருக்கணும்."

"அப்போ மடி எதுக்கு?"

இதற்கு எந்தக் கட்டுரையிலும் பதில் இல்லை. பாலாடைக்கட்டியை நகர்த்தினேன்.

"இது ஸ்கிரீன். நம்ம விலைக்கு மங்கலாத்தான் கிடைக்கும். பகல்ல ஒண்ணும் தெரியாது. இருட்டுல உக்காந்து பாத்தா சொர்க்கம்."

"இருட்டுலயா?" நூலைப் பல்லால் கடித்தாள். "சரி. இந்த ஜாம் என்னது?"

"ஜாம்தான். இங்க குடு. அப்புறம் உள்ள ஒரு விசிறி. கொஞ்சம் சத்தம் போடும். கீபோர்டுல விளக்கு. விலை கூடினதுல ஏழு வர்ணம் மாறும். நம்மளதுல சிவப்பு ஒண்ணுதான்."

தைக்கிற கை நின்றது.

"சிவப்பா?"

"சிவப்பு."

"வெளிறிப்போன சிவப்பா, நல்ல சிவப்பா?"

"அடுப்புத் தணல் மாதிரி."

தீனகே வெண்ணெயைத் தன் பக்கம் இழுத்து ரொட்டியில் தடவினாள். "ஆசைப்படற. வாங்கிக்கோயேன்" என்றாள்.

தர்க்கத்துக்கு இருக்கிற பலத்தைப் பார்த்தீர்களா! நான் அப்படித்தான் நினைத்தேன். அவள் தைப்பதைப் பார்த்து, ஒரு மேஜைக்கு இத்தனை நீளமான விரிப்பு எதற்கு என்று ஒரு கேள்வி மனதில் வந்தது. வந்த வழியே போயிற்று. நான் கடலில் இருந்தேன்.

கடையில் இரண்டு இருந்தன. ஒன்றில் ஸ்கிரீன் பளிச்சென்று இருந்தது, ஆனால் கடல் கஞ்சி மாதிரி அசைந்தது. இன்னொன்றில் கடல் கடலாக இருந்தது, ஆனால் யாரோ அதன்மேல் ஈரத் துணியைப் போர்த்தியிருந்தார்கள். நான் இரண்டுக்கும் நடுவே நடந்தேன். பழைய வழக்கம்.

"கஞ்சியை வெளிச்சத்துல வச்சுப் பாத்தா என்ன, இருட்டுல வச்சுப் பாத்தா என்ன?" என்றாள் தீனகே. "கடலை எடு."

மூக்கில் வளையம் போட்ட விற்பனைப் பெண் என் பக்கம் திரும்பினாள். "சார், கீபோர்டு விளக்கைப் பத்தி ஒரு விஷயம்..."

"தெரியும்மா. மூணு மாசமா படிச்சிருக்கேன். சிவப்பு மட்டும்தான்."

"இல்ல சார், அது வந்து..."

"எனக்கே சொல்லித் தர்றியா? பெட்டியில போடும்மா."

வாசலுக்கு வந்ததும் தீனகே கையுறையை மறந்துவிட்டதாகச் சொல்லி உள்ளே போனாள். வர நேரமாயிற்று. நான் பெட்டியை அணைத்துக்கொண்டு நின்றேன். காற்றில் உப்பு வாசனை அடித்தது.

வீட்டில் கப்பலுக்குத் துறைமுகம் கிடைக்கவில்லை. படுக்கையறையில் வைத்தேன். உள்விசிறி இரைய ஆரம்பித்தது. "தீவுப் படகே மாடி ஏறி வந்திருச்சா?" என்று தீனகே தலையணையால் காதைப் பொத்தினாள். சமையலறையில் வைத்தேன். விளையாட்டின் காற்றும் அலையும் இணையம் வழியாகத்தான் வரவேண்டும். எங்கள் பழைய சுவர்களைத் தாண்டி அது வருவதில்லை. இணையக் கேபிள் வாசலோரம் நுழைகிறது. பக்கத்திலேயே மின்சாரப் பிளக். அதற்குப் பக்கத்தில் ஜன்னல்.

"முன்னறையில வை. அங்கதான் உனக்கு மறைக்க ஒண்ணும் இல்லையே" என்றாள்.

நவம்பர் மாதம். நாலரை மணிக்கே பொழுது விழுந்துவிடும். முதல் நாள் அறை விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். வெளியே வாய்க்காலில் மூடுபனி இறங்கியது. உள்ளே என் பாய் விரிந்தது. தெற்கே திருப்பினேன். யாரும் கேட்கவில்லை. மேற்கே திருப்பினேன். யாரும் தடுக்கவில்லை. பேர் தெரியாத தீவு ஒன்று தூக்கத்தில் புரள்வதுபோல் தொடுவானில் அசைந்தது. மங்கல் ஸ்கிரீனில் எழுந்த சூரியன் நேற்று நறுக்கிய பாலாடைக்கட்டி நிறத்தில்தான் இருந்தான். ஆனாலும் என் சூரியன். ஜன்னலுக்கு வெளியே ஒரு நிஜப் படகு விளக்கோடு நகர்ந்தது. எது கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எது இந்தப் பக்கம் என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது. கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியதால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் சைக்கிள்கள் எங்கள் வீட்டருகே மெதுவாகப் போவதைக் கவனித்தேன். நான்காம் நாள் சில சைக்கிள்கள் திரும்பி வந்தன. மக்களுக்குக் கடல்மேல் இத்தனை ஆசையா என்று பூரித்துப்போனேன்.

ஐந்தாம் நாள் வெளிநாட்டுச் சரக்குக் கப்பலின் மாலுமிகள் இரண்டு பேர் ஜன்னல் முன் நின்றார்கள். ஒருவன் தலைமுடியைக் கோதிக்கொண்டான். மற்றவன் கண்ணாடியில் நாசூக்காகத் தட்டினான். நான் நிமிர்ந்தேன். வழுக்கைத் தலை. கம்பளி பனியன். மூக்கு நுனியில் கண்ணாடி. கீழேயிருந்து முகமெல்லாம் சிவப்பு வெளிச்சம். தட்டியவன் சவ ஊர்வலத்தைப் பார்த்ததுபோல் தொப்பியைக் கழற்றினான். இருவரும் வேகமாக நடையைக் கட்டினார்கள்.

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. எதிர்க்கரை வீட்டுக்காரி ஆல்ச்சே ஆப்பிள் கேக்கோடு வந்தபோதுதான் உறைத்தது.

"ஹார்மன், உங்க ஓய்வூதியத்தைக் குறைச்சுட்டாங்களா?"

"இல்லையே. ஏன்?"

"கூச்சப்படாதீங்க. தெருவுல எல்லாருமா சேர்ந்து ஏதாவது போட்டுக் குடுக்கலாம்னு பேசிக்கிறோம். இந்த வயசுல ஏன் இந்தத் தொழில்?"

"எந்தத் தொழில்?"

அவள் ஜன்னலைக் காட்டினாள். எங்கள் நாட்டில் உடம்பை விற்கும் பெண்கள் சிவப்பு விளக்குப் போட்ட ஜன்னலில்தான் உட்கார்ந்திருப்பார்கள். துறைமுகப் பட்டணம். இருட்டின அறை. பெரிய ஜன்னல். உள்ளே சிவப்பு விளக்கு. நடுவே, சாயங்காலமானால் தவறாமல் வந்து உட்காரும் நான்.

"அது கப்பல்!" என்று கத்தினேன்.

"எதுவா இருந்தா என்ன," என்றாள் ஆல்ச்சே பெருந்தன்மையோடு. "தீனகேக்குத் தெரியுமில்ல? அது போதும்."

அவள் போனதும் அறை விளக்கைப் போட்டேன். கடல் காணாமல் போயிற்று. விளக்கை அணைத்துவிட்டு, கீபோர்டு சிவப்பையும் அணைத்தேன். எழுத்து ஒன்றும் தெரியவில்லை. பாயைச் சுருக்குவதற்குப் பதில் நங்கூரத்தை அறுத்துவிட்டேன். கப்பல் பாறையில் ஏறியது. முப்பத்தொரு வருடத்தில் தரை தட்டாதவன்! சிவப்பை மறுபடி போட்டு, கீபோர்டின்மேல் துண்டைப் போர்த்தினேன். துண்டு புகைய ஆரம்பித்தது.

சமையலறைக்குப் போனேன். தீனகே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"தீனகே... இந்த ஜன்னல்..."

"ஏன், அழுக்கா இருக்கா?"

"குளிர் வருதுல்ல?"

"வருதே. முப்பது வருஷமா வருது."

"ஒரு துணி கிணி..."

"என்ன துணி?"

"திரைச்சீலை" என்றேன் உருளைக்கிழங்குத் தோலைப் பார்த்து.

"சத்தமா சொல்லு. காது கேக்கல."

"திரைச்சீலை!"

"ஐயையோ! உன் அம்மா என்ன சொல்வாங்க? மறைக்க ஏதோ இருக்குன்னு ஆயிடுமே?"

"இருக்கே! நான் இருக்கேனே!"

"உன் பிணம் போன பிறகுன்னு சொன்னியே?"

"பாதி போயாச்சுன்னு வச்சுக்கோ, தாயே!"

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். மாடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது தோளில் கருநீலத் துணி. ஓரம் தைத்து, வளையம் கோத்து, மடிப்புக் கலையாமல். கையில் கம்பி, ஆணி, சுத்தியல். ஜன்னல் அகலத்துக்குக் கம்பி அப்படியே பொருந்தியது. நான் ஏணியில் ஏறினேன். கொள்கையை என் கையாலேயே ஆணி அடித்து மாட்டினேன்.

தீனகே திரையை இழுத்து மூடினாள். வாய்க்கால் மறைந்தது. தெரு மறைந்தது. அவள் செருப்பை உதறிவிட்டு, கொண்டை ஊசியைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் சரிந்து, எதிர் நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டாள். அந்த அறையில் அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"நீ கடல்ல இருந்த," என்றாள் மேலே பார்த்துக்கொண்டு. "ஒவ்வொரு சாயங்காலமும் இந்த ஜன்னல்ல நிமிந்து உக்காந்திருந்தது நான்தானே. போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் தலையாட்டிக்கிட்டு. என் அப்பா போன சேதி வந்த அன்னைக்குக்கூட, அழறதுக்குக் கொல்லைக்குத்தான் போகவேண்டியிருந்துச்சு."

நான் மறுபடி கப்பல் முன் உட்கார்ந்தேன். கீபோர்டில் சுக்கானைப் பிடித்தேன். விளையாட்டில் காற்று விழுந்துவிட்டது. பாய் தொங்கியது. இரண்டு மிதவைகளுக்கு நடுவே நான் போய்வந்த அத்தனை நாளும் இவள் இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நங்கூரமிட்டு நின்றிருக்கிறாள்.

"இந்தச் சிவப்பு கண்ணை உறுத்துது" என்று தீனகே எழுந்து வந்து, கீபோர்டில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினாள்.

சிவப்பு பச்சையாயிற்று. இன்னொரு தரம் அழுத்தினாள். வெள்ளை.

"இது... இது எப்படி?"

"கடைப் பொண்ணு காட்டினா. உனக்குத்தான் சொல்ல வந்தா. நீதான் தெரியும்னுட்டியே."

"அன்னைக்கே சொல்லியிருந்தா இந்தத் திரைச்சீலையே வேண்டியிருந்திருக்காதே!"

"ஆமா," என்றாள் தீனகே, கண்ணை மூடிக்கொண்டு.

கீபோர்டு நிலா வெளிச்சம்போல வெள்ளை வெளேரென்று, மிகக் கண்ணியமாக எரிந்தது. அதைப் பார்க்கத்தான் தெருவில் ஒருவருக்கும் வழியில்லை.