வலப்பக்கம் வெறுமையாய் விட்ட படம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

அன்புள்ள மச்சான் கதிரவேலுக்கு,

கோணேசப் பெருமான் கிருபையால் நானும் உம்முடைய அக்காவும் சுகம். நீர் மட்டக்களப்பில் சுகமாய் இருப்பீர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உம்முடைய நோக்கத்தில்தான் சந்தேகம். "டைரக்டர் பரிதிவாணன் இந்தியாவில இருந்து உங்கட துறைமுகத்துக்குப் படம் பிடிக்க வாறார் அத்தான், அவரைப் படமாக் கீறிக் கையில குடுங்கோ" என்று என்னைக் கிளப்பிவிட்டது நீர்தான். இப்போது நான் தொலைபேசி எடுத்தால் பதிலில்லை. ஏன்?

நான் ஒருவரிடமும் படிக்காமல் தானாகக் கீறப் பழகியவன் என்பதும், இந்தப் பக்கத்தில் செத்தவீடு நடந்தால் முப்பத்தோராம் நாளுக்குப் படம் கீற என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்பதும் உமக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் நான் கீறிய ஒருவராவது முகம் சரியில்லையென்று வந்து முறையிட்டதில்லை. பரிதிவாணன் தன் படங்களில் ஒரு கூலிக்காரனின் முகத்தைக்கூட அவசரப்படாமல் காட்டுகிறவர். முகத்தை மதிக்கிற மனிதர் என் கையையும் மதிப்பார் என்று நம்பி, உயிரோடிருக்கும் ஒருவரை முதன்முறையாகக் கீறினேன். ஒரு குறையும் வைக்கவில்லை. கழுத்தில் மல்லிகை மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே இடப்பக்கம் 'தோற்றம்' என்று பிறந்த திகதி. வலப்பக்கத்தை நியாயமாக வெறுமையாய் விட்டேன். "இதென்னப்பா, பார்க்க ஒரு மாதிரிக் கிடக்கு" என்றாள் உம்முடைய அக்கா. அவளுக்கு நிறம் விளங்காது.

படத்தை வெள்ளை வேட்டியால் மூடி இறங்குதுறைக்குக் கொண்டுபோனால், கிண்ணியாவைச் சேர்ந்த நௌபர் என்றொரு படப்பிடிப்பு ஏற்பாட்டாளர் மறித்தார். "பெரியவர், இங்க வெச்சிட்டுப் போங்க, நான் சேர்க்கிறன்." சேர்ப்பாராம்! என் கையெழுத்தை அழித்துத் தன் பெயரைப் போட எவ்வளவு நேரமாகும்? "ஏலாது, அவற்ற கையிலதான் குடுப்பன்" என்று மத்தியானம்வரை வெயிலில் நின்றேன். ஒருவன் தேத்தண்ணி கொண்டுவந்தான். குடிக்கிறதென்றால் படத்தைக் கீழே வைக்க வேண்டும், அதுதான் அவர்கள் திட்டம், நான் தொடவேயில்லை. கடைசியில் நௌபர், "அப்ப திறந்தாவது காட்டுங்களேன்" என்றார். வேட்டியை எடுத்தேன். மச்சான், அவ்வளவு சனமும் வாயடைத்துப்போய் நின்றது. கைவண்ணத்தைக் கண்டு மலைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தனான். ஒருவன் தொப்பியைக் கழற்றினான், இன்னொருவன் செருப்பைக் கழற்றினான், நடிகர்களுக்கு முகம் பூசுகிற பெண்பிள்ளை "ஐயோ, எங்கட சேர் எப்ப செத்தவர்?" என்று கதறத் தொடங்கிவிட்டது, அந்தச் சத்தத்துக்குப் படகுக்குள் இருந்த இயக்குநரே எழும்பி வந்தார். மாலையைப் பார்த்தார். வலப்பக்க வெறுமையை விரலால் தொட்டார். "ஐயா, நான் இன்னும் உயிரோடதான இருக்கேன்?" என்றார். "அதில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, அதுக்காகத்தான் இடம் விட்டனான், பிறகு எழுதலாம்" என்றேன். எவ்வளவு மரியாதையான பதில்! உடனே இரண்டு பேர் என்னையும் படத்தையும் தூக்காத குறையாக வீதியில் கொண்டுவந்து விட்டார்கள். பின்னால் பூசணிக்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. படப்பிடிப்புத் தொடங்கும்போது உடைப்பார்களாம். அப்படியென்றால் நான் போன பிறகு ஏன் உடைத்தார்கள்?

எல்லாம் கூட்டுச்சதி. நௌபருக்குப் பங்கிருக்கு, உமக்கும் இருக்கு. படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டேன். இனி இந்த வீட்டில் ஒருவரும் அந்த ஆள் எடுத்த சினிமாப் படம் பார்க்கப்படாது, நீரும் பார்க்கப்படாது. உயிரோடிருக்கிறவர்களை இனிக் கீறவும் மாட்டேன். அவர்களுக்கு நன்றி கிடையாது.

உம்முடைய பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உமக்கு இப்போதைக்கு இல்லை.

உமது அத்தான்,
இ. குலநாயகம்

பி.கு.: உறையை ஒட்ட முன்னம் வாசலில் முச்சக்கரவண்டி. இயக்குநர்! நௌபர்தான் வீடு காட்டியிருக்கிறார். கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்து தேத்தண்ணி குடித்தார், படத்தைத் திருப்பச் சொல்லி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "ஐயா, எங்கம்மாவுக்கு ஒரு போட்டோகூட இல்ல. நான் சொல்லச் சொல்ல வரைவீங்களா?" கீறினேன். மூக்கில் பிழை பிடித்தார், வாயில் பிழை பிடித்தார். "கண்ணு மட்டும் அவங்கதான்" என்றவர், அதில் இனிக் கை வைக்கவேண்டாமென்றார். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் கிழித்துவிடும், ஆசி உமக்கும் உண்டு. ஆனால் ஒன்று உறுத்துது. தன்னுடைய படத்தில் மாலை அப்படியே கிடக்கட்டுமாம். செத்துப்போன அம்மாவுக்கு மாலையும் வேண்டாமாம், விளக்கும் வேண்டாமாம், திகதியும் வேண்டாமாம். இந்த மனிசனை இன்னும் நம்ப ஏலாமல்தான் கிடக்கு. மூக்கைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.